கீழ்வேளூர் முதல் கோடிக்கரை வரை... பிள்ளைகளோடு மூன்று நாள்!

பள்ளிக்கூடமோ கல்லூரியோ, 'டூர்' என்று சொன்னதும் பஸ் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் திரும்பிவிடுகிறது. படகுச் சவாரி, செல்ஃபி, வீட்டுக்கு ஒரு பாக்கெட் வர்க்கி. டெல்டா பிள்ளைகளும் அப்படித்தான் போகிறார்கள். திரும்பி வரும்போது விடியற்காலை இருட்டில், சொந்த ஊர் வயல்களைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறார்கள்.

அந்த வயல்களையும், அவை போய் முடியும் கடலையும் பார்ப்பதற்கே ஒரு டூர் போனால் என்ன? நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே, ரயில் நிற்கும் ஊரான கீழ்வேளூரைத் தளமாக வைத்துக்கொண்டால் போதும். ஆயிரம் ஆண்டு வரலாறு, நெல், உப்பு, கடல், பறவை, மான் எல்லாம் மூன்று நாளுக்குள் வந்துவிடும். மறக்கக்கூடாத ஒரு துயரமும் இந்த வழியில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தப் பயணத்தில் பெரியவர்களுக்கு இருக்கும் பெரிய பரீட்சை.

எப்போது போகலாம்?

தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். அது மழையும் புயலும் வரும் காலம். 2018-ல் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியதும் நவம்பர் 16-ம் தேதிதான். தையில் மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும், வெளிநாட்டுப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, உப்பளங்களில் வேலை தொடங்கியிருக்கும். ஒரே வாரத்தில் இத்தனையும் சேர்ந்து கிடைப்பது தையில்தான்.

முதல் நாள்: கோயில், செப்பேடு, வயல்

கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயிலில் தொடங்கலாம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். கேடு இல்லாதவர் என்பதால் கேடிலியப்பர். படியேறித்தான் சந்நிதிக்குப் போக வேண்டும். யானை ஏற முடியாதபடி கோச்செங்கட் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் இதுவும் ஒன்று. போன பிறவியில் சிலந்தியாக இருந்து, யானையோடு பகை கொண்ட அரசன் என்ற கதையைப் படியிலேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளும் வாய் திறந்து கேட்பார்கள்.

முருகன் கதை ஒன்றும் இந்த வட்டாரத்தில் நடந்தபடியே கேட்கலாம். பக்கத்தில் இருக்கும் சிக்கலில் அம்மையிடம் வேல் வாங்கினார். அந்த வேல் வாங்கும் நாளில் சிங்காரவேலர் திருமேனி வியர்க்கிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. திருச்செந்தூரில் சூரனை வென்றார். கொன்ற பாவம் தீர, கீழ்வேளூரில் வந்து தவம் இருந்தார். தவம் கலையாமல் தாய் அஞ்சுவட்டத்தம்மனாக நின்று காத்தாள். ஜெயித்தவரும் பாவம் தீர்க்க வரவேண்டியிருக்கிறது என்பதுதான் கதையின் சாரம். இதை மனதில் வையுங்கள், இரண்டாம் நாள் தேவைப்படும்.

அடுத்து, இதே வட்டாரத்தில் இருக்கும் ஆனைமங்கலம். போய் நின்றால், பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. வழிகாட்டிக்கு வேலை இருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினார். அதன் செலவுக்கு சோழன் எழுதிக் கொடுத்த ஊர் இந்த ஆனைமங்கலம். சைவ அரசன், பௌத்தப் பள்ளிக்கு, வெளிநாட்டு அரசரின் பெயரால் கொடுத்த தானம். அந்தச் சாசனம் 21 செப்பேடுகள். ஒரு வளையத்தில் கோத்தவை. பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் 'லெய்டன் செப்பேடு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

செப்பேட்டில் கணக்கு துல்லியமாக இருக்கிறது. நிலம் 97 வேலிக்கு மேல், ஒரு வேலி என்றால் ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். வரவேண்டிய நெல் 8,900 கலத்துக்கும் மேல். நிலத்தை மா, முந்திரி என்று துண்டு துண்டாகப் பிரித்து அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் ஒவ்வொரு மணி நெல்லுக்கும் கணக்கு இருந்தது என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்ளட்டும். விகாரத்தின் கடைசிக் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். நாகையில் மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் சிலைகள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சாயங்காலம் வயலுக்கு. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி அணை திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வழியாகக் கிளை கிளையாக ஓடிக் கடைசியாக வந்து சேரும் இடம் இது. அதனால்தான் 'கடைமடை' என்கிறோம். மேலே தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது இங்கே. மேலே வெள்ளம் வந்தால் கடைசியாக வடிவதும் இங்கே. ஒரு வாய்க்கால் மதகில் பிள்ளைகளை நிறுத்தி, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். நிலம் அவ்வளவு சமதளம், சட்டென்று பதில் வராது. கடல்நீர் மேலேறி வராமல் இருக்க ஆற்றின் கடைசியில் ஏன் ஷட்டர் வைக்கிறார்கள் என்பது அப்போது தானாகப் புரியும்.

வயலில் இன்னொரு அதிசயம். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் போன பிறகு, மீதி ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து காய்க்கும். தனியாக உழவும் இல்லை, தண்ணீரும் இல்லை. அறுவடை மெஷின் போன தடத்தில் உளுந்து முளைத்து நிற்பதைக் காட்டுங்கள். பக்கத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருந்தால் அங்கேயும் பத்து நிமிடம் நில்லுங்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற ஒரு எண்ணுக்காக, குவித்த நெல்லோடு விவசாயி நாள்கணக்கில் காத்திருப்பது என்ன என்று தெரியும்.

இரண்டாம் நாள்: வெண்மணியும் கூத்தூரும்

காலை வெயில் ஏறுவதற்கு முன், தேவூர் வழியாகக் கீழவெண்மணி. 

1968, டிசம்பர் 25. அப்போது இது தஞ்சாவூர் மாவட்டம். அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள் என்பதற்காக, விவசாயத் தொழிலாளர் தெருவை அன்றிரவு அடியாட்கள் சூழ்ந்தார்கள். தப்பிக்க ஓடியவர்கள் ராமையா என்பவரின் சின்னக் குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எல்லோரும் தலித்துகள். 1970-ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை, 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு, 1969-ல், விவசாயத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

'பிள்ளைகளிடம் இதெல்லாம் எதற்கு? ஜாலியாகப் போகிற இடத்தில்...' என்று சில பெற்றோர் சொல்லக்கூடும். நியாயமான தயக்கம்தான். ஆனால் முதல் நாள் செப்பேட்டில் ஆயிரக்கணக்கான கலம் நெல்லைக் காட்டிவிட்டு, அந்த நெல்லை விளைவித்தவர்கள் அரைப்படி கேட்டபோது என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் போனால், பாதிக் கதையைத்தான் சொல்கிறோம். பெருமையை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு ஊர் ஒரு போஸ்டர் மாதிரி தெரியும். முழுவதும் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது ஊராகத் தெரியும்.

எப்படிச் சொல்வது என்பதில் சில கவனங்கள் வேண்டும்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம், 'கூலி கேட்டவர்களைக் கொன்றார்கள். அவர்களை நினைத்து இங்கே நிற்கிறோம்' என்ற அளவு போதும். எரிந்த காட்சியை வர்ணிக்க வேண்டாம். பெரியவர்களுக்கு வழக்கு, தீர்ப்பு, சட்டம் வரை சொல்லலாம்.

ஒரே வேனில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும், கூலிக்குப் போன குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும். யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காதீர்கள். ஒரு பிள்ளை குற்றவாளியாகவும் இன்னொரு பிள்ளை பரிதாபத்துக்குரியவராகவும் அங்கிருந்து திரும்பக்கூடாது. சாதியும் நிலமும் கூலியும் எப்படி ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதைப் பேசுங்கள். அதற்காகச் சாதியின் பெயரைச் சொல்லாமல் 'இரு தரப்பு மோதல்' என்று மழுப்பவும் வேண்டாம். அங்கே நடந்தது மோதல் இல்லை.

மிக முக்கியமாக, அந்த நாளில் உயிர் தப்பியவர்களையோ, உறவை இழந்தவர்களையோ தேடிப் பிடித்து, 'சொல்லுங்க பாட்டி' என்று செல்போனை நீட்டக்கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் அவர்கள் மறுபடி மறுபடி அந்த ராத்திரிக்குள் போய் வர வேண்டுமா? அவர்களே பேச விரும்பினால் கேட்கலாம். நினைவுத்தூணில் செல்ஃபி வேண்டாம். 44 பெயர்களையும் ஆளுக்கு ஒன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வேறு பேச்சு தேவைப்படாது.

நீங்கள் ஏற்கெனவே படித்திருந்தால் வசதி. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் இந்தப் பின்னணியில் எழுதி, 1977-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படமும் இருக்கிறது. இரண்டும் பெரியவர்களுக்கு, பயணத்துக்கு முன்.

துயரத்தோடு வேனில் ஏற்றிவிடாமல், அடுத்து கூத்தூர் போங்கள். வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பகுதிக்கு வந்தவர்கள் சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். உழுபவருக்கே நிலம் என்று, 1981-ல் 'லாஃப்டி' இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களிடம் பேசி, விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் பதிவு செய்துகொடுத்தார்கள். 2008-ல் இருவருக்கும் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண்.

இயற்கையை விரும்பும் பிள்ளைக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1990-களில் இந்தக் கரையோரம் இறால் பண்ணைகள் பெருகி, வயலும் குடிதண்ணீரும் உப்பானபோது, உச்ச நீதிமன்றம் போனவர் இதே ஜெகந்நாதன். 1996 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. நிலத்துக்காகப் போராடியவரே தண்ணீருக்காகவும் போராட வேண்டியிருந்தது.

மதியத்துக்கு மேல் நாகூர். 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது நாயகத்தின் தர்கா. ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். உயரம் 131 அடி. பிள்ளைகள் தலையில் துணி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாகைக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிப் பேசாமல் வர முடியாது. இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இன்றைய பள்ளிப் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்ற ஒரு பாடத்தையாவது அவர்கள் கொண்டுபோகட்டும். குளிக்க இறங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: உப்பும் பூநாரையும்

விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பினால்தான் கோடிக்கரையில் பறவையும் மானும் கிடைக்கும். கிழக்குக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர் என்றால் போதும். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே வெளிமான்தான் நாயகன். ஆணுக்கு முறுக்கிய கொம்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. பெண்ணும் குட்டியும் பழுப்பு. காட்டில் பாலை மரம் அதிகம். காடாகிப்போன மட்டக்குதிரைகளும் திரிகின்றன. ராமர் நின்று இலங்கையைப் பார்த்ததாகச் சொல்லும் ராமர் பாதம்தான் இங்கே உயரமான மேடு. சதுப்பு நிலத்தில் பூநாரைக் கூட்டம் நின்றால், அந்த இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அது தின்னும் பாசியிலிருந்தும் சின்ன உப்புநீர் இறாலிலிருந்தும் வருகிறது. உணவு மாறினால் நிறமும் வெளுத்துப்போகும்.

பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டு கூடவே கூடாது. குரங்குக்கு பிஸ்கட் போடக்கூடாது. பைனாகுலர் ஐந்து பேருக்கு ஒன்று இருந்தால் போதும். பறவை ஒரு வருடம் நிறைய இருக்கும், ஒரு வருடம் குறைவாக இருக்கும். 'பூநாரையைக் காட்டுகிறேன்' என்று சத்தியம் செய்து அழைத்துப் போகாதீர்கள். தேடுவதே பாதி மகிழ்ச்சி.

திரும்பும் வழியில் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் நடக்கத் தொடங்கி, 28-ம் தேதி இங்கே வந்தார்கள். 30-ம் தேதி உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். நடந்து வந்தவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். ஜனங்களோ, சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டிவைத்துவிட்டு, யார் வைத்தது என்றே தெரியாதபடி போய்விட்டார்கள். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. பக்கத்து உப்பளத்தில் அனுமதி கேட்டு இறங்கி, பாத்தியில் உப்பு பூப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வெறுங்காலோடு அந்த வெயிலில் வேலை செய்கிறவர்களையும் பார்க்கட்டும்.

மெக்ஸிகோவிலிருந்து ஒரு பாடம்

உலகில் இளைஞர் குழுக்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று தெற்கு மெக்ஸிகோ. மாயா கோயில்கள், காடு, பழங்குடிக் கிராமங்கள் என்று அங்கேயும் பண்பாடும் இயற்கையும் ஒன்றாகக் கிடக்கின்றன. நமக்கு அது அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நம் குழம்பில் போடும் மிளகாய் மெக்ஸிகோ மண்ணில் பயிரானது. பப்பாளிக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்தப் பக்கம்தான் பூர்வீகம். சாமிக்குச் சாத்தும் சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும்கூட அங்கிருந்து வந்தவையே. அந்தச் சாமந்தியால்தான் அவர்கள் இறந்தவர்களை வரவேற்கும் திருநாளை அலங்கரிக்கிறார்கள். கோடிக்கரையில் மானின் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்ட சீமைக்கருவேலமும் அந்தக் கண்டத்துச் சரக்குதான்!

அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள இரண்டு பழக்கங்கள் உண்டு. சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சாமுலா என்ற மாயா ஊர். தேவாலயத்துக்குள் தரையெல்லாம் பைன் இலை பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது, மீறினால் ஊர் சும்மா விடாது. எவ்வளவு பெரிய சுற்றுலாக் கூட்டம் வந்தாலும் அந்த விதி மாறவில்லை. இரண்டாவது, வஹாகா மாநில மலைகளில் எட்டு ஸபோடெக் கிராமங்கள் சேர்ந்து தாங்களே சுற்றுலாவை நடத்துகின்றன. பாதை காட்டுவது உள்ளூர்க்காரர், வருமானம் ஊருக்கு.

கீழ்வேளூர் பக்கமும் அப்படிச் செய்ய முடியும். வயலை விவசாயி காட்டட்டும், கடலை மீனவர் காட்டட்டும், வெண்மணியைப் பற்றி அந்த ஊர் இளைஞர் பேசட்டும். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். சாப்பாட்டை உள்ளூர் மகளிர் குழுவிடம் சொல்லிவிடுங்கள். படித்துவிட்டு சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளில் நாலு பேருக்காவது, 'என் ஊரைக் காட்டுவதும் ஒரு வேலை' என்று தோன்றினால், அது சின்ன விஷயமில்லை.

அழைத்துப் போகிறவர்களுக்கு...

* 20 பிள்ளைகளுக்குக் குறைந்தது மூன்று பெரியவர்கள். அதில் ஒருவராவது பெண்.

* கோடிக்கரைக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே பேசி அனுமதியும் நேரமும் உறுதிசெய்யுங்கள். சில மாதங்களில் பார்வையாளர்களை அனுமதிக்க மாட்டார்கள்.

* கோயில்கள் மதியம் நடைசாத்தும். வயல், கொள்முதல் நிலையம் போன்றவற்றை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

* ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். நாலாவது இடத்தில் பிள்ளைகள் பார்ப்பது செல்போனைத்தான்.

* ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பிளாஸ்டிக் குப்பை வேனிலேயே திரும்பி வரவேண்டும்.

* ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். 'இன்றைக்கு என்ன பிடித்தது?' என்று மட்டும் கேட்காமல், 'எது புரியவில்லை?' என்றும் கேளுங்கள். வெண்மணி போன நாளில் இது கட்டாயம்.

கேள்வி கேட்கிற பிள்ளைக்கு உடனே பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுக்குப் போனதும் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்கச் சொல்லுங்கள். அறுபத்தெட்டில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், சுனாமி அன்று என்ன செய்தீர்கள், அப்போது கூலி எவ்வளவு என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். மூன்று நாள் பயணத்துக்கு அதைவிடப் பெரிய பலன் வேண்டுமா என்ன?